கராஜுக்குள் ஒரு குளிர்காலம்

2024 ஆம் ஆண்டு ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தபோது கிளிநொச்சியில் ஒரு தையல் நிலையத்தில் அரைநாள் இருந்தேன். பன்னிரண்டு பெண்கள். அநேகமானோர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். நானும் கனடாவில் தையல் வேலைதான் செய்கின்றேன் என்று அறிந்ததும் மெஷின்களை நிறுத்திவிட்டுச் சுற்றிவர இருந்துகொண்டார்கள். "அங்க ஐஸ் கொட்டுமாமே, கை விறைக்காதே? எப்பிடி அக்கா தைக்கிறியள்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி, ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தேன். ஆனாலும் முழுவதையும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்த பகுதியை விட்டுவிட்டேன். அதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

நான் வலிகாமத்தில் பிறந்தவள். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு சனத்தோடு சனமாக, நான்கு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, நாவற்குழிப் பக்கம் நடந்தவள். பிறகு வன்னி. அங்கே கொட்டிலில் இருந்த காலத்தில்தான் கால் மெஷினில் தையல் பழகினேன். 1998 இல் கணவர் ஷெல்லடியில் போய்விட்டார். 2001 இல் மகனையும் கூட்டிக்கொண்டு கனடா வந்து சேர்ந்தேன். திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். அதை மூடியபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் புதிய வேலை யார் தருவார்கள்? வீட்டில் இருந்தே சாறி பிளவுஸ் தைக்கத் தொடங்கினேன். பிறகு மணவறைக்குத் துணி மடித்துத் தைத்துக் கொடுக்கும் வேலையும் வந்தது. எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளுக்குக் குறைவில்லாத ஊர் அது.

2017 ஆம் ஆண்டு கோடையில் மகனும் நானும் சேர்ந்து, ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸ் என்ற இடத்தில் கடனுக்கு ஒரு வீடு வாங்கினோம். ஊரில் கராஜ் என்றால் வாகனம் திருத்தும் இடம். இங்கே அப்படியல்ல. வீட்டோடு ஒட்டியபடி, வாகனத்தைப் பனியில் விடாமல் நிறுத்துவதற்கென்று கட்டிய அறை அது. எங்களுடையது இரண்டு வாகனம் நிற்கக்கூடியது. 20 அடிக்கு 22 அடி. முன்பக்கம் முழுவதும் மேலே சுருண்டு ஏறும் பெரிய தகரக் கதவு. அதைப் பார்த்தவுடனேயே எனக்கு வெட்டும் மேசைதான் கண்ணில் தெரிந்தது. பன்னிரண்டு அடி மேசை, மூன்று மெஷின், மணவறைப் பலகைகள் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. நிலக்கீழ் வீட்டை வாடகைக்குக் கொடுத்துத்தான் கடன் கட்டவேண்டும் என்பதால் வேறு இடமும் இல்லை. நகரசபையிலும் வீட்டுக் காப்புறுதிக்காரரிடமும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, வாகனத்தை வெளியே விட்டுவிட்டுக் கராஜைத் தையற்கூடம் ஆக்கினோம்.

என்னோடு இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒருவர் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் அக்கா. மற்றவள் முல்லைத்தீவுத் தங்கச்சி. 2009 மே மாதம் வட்டுவாகலில் பிரிந்த கணவரை இன்றுவரை தேடுபவள். அவளுக்கு ஒரேயொரு மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. இருவருக்கும் நான் உடுப்புக் கணக்குக்குத்தான் காசு கொடுத்தேன். எத்தனை தைத்தார்களோ அத்தனைக்குக் காசு.

ஐப்பசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் விரல் மடங்க மறுத்தது. துணிக்குள் ஊசி போவது தெரியும், ஊசி விரலில் படுவது தெரியாது. அவ்வளவு விறைப்பு. மெஷின் எண்ணெய் தடித்து, காலையில் சக்கரம் சுற்றவே பத்து நிமிடம் பிடித்தது. கொங்கிறீற்றுத் தரையின் குளிர் செருப்பைத் தாண்டி முழங்கால் வரைக்கும் ஏறும்.

முதலில் கடையில் விற்கும் சிறிய மின்சார ஹீற்றர் இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் 1,500 வாற்று. கனடாவில் வீட்டுப் பிளக்கில் வருவது 120 வோல்ற். சாதாரணமாக ஒரு வயர் தொடருக்கு 15 அம்பியர்தான். 1,500 வாற்று ஹீற்றர் ஒன்றே அதில் பன்னிரண்டரை அம்பியரை இழுத்துவிடும். இரண்டையும் ஒரே தொடரில் கொளுவினால் என்ன நடக்கும்? பிறேக்கர் விழும். விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து நீட்டு வயர் இழுத்து இரண்டாவதைக் கொளுவினேன். ஒருநாள் அந்த வயரின் தலைப்பு இளகிக் கறுத்துப்போய் இருந்ததை மகன் கண்டு பிடுங்கி எறிந்தான். ஹீற்றரை நீட்டு வயரில் கொளுவக்கூடாது என்று அதன் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. பெட்டியை யார் வாசிக்கிறோம்?

பிறகு தெரிந்த ஒருவர், கட்டட வேலைத்தளங்களில் பாவிக்கும் பெரிய ஹீற்றர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பீரங்கிக் குழாய் மாதிரி நீளமானது. மண்ணெண்ணெயில் எரியும். ஒரு முனையால் நெருப்புக் காற்றை ஊதித் தள்ளும். ஐந்து நிமிடத்தில் கராஜ் சூடாகிவிட்டது. ஆனால் அதன் இரைச்சல்! தங்கச்சி மேசையடியில் குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கிபிர் விமானம் பதிந்து வரும்போது எழும் அதே இரைச்சல் என்று எனக்கும் பட்டது. நிறுத்திய பின்னும் அவளுடைய கை நடுக்கம் நிற்க நெடுநேரம் சென்றது. அன்றே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகச் சத்தமில்லாத ஒன்றைத் தேடினேன். பாவித்த பொருட்கள் விற்கும் ஒருவரிடம் திரி வைத்த மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒன்று கிடைத்தது. வட்டமாக, எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பின் பெரியக்கா போல. அதைக் கண்டதும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. ஏனென்று நீங்கள் அறிவீர்கள். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபிறகு எங்களை நடத்தியது மண்ணெண்ணெய்தானே. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியைக் கம்பியில் கொளுவி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த மணம் எனக்குப் பயத்தைத் தரவில்லை. வீட்டு மணமாக இருந்தது. என்னுடைய பிழை அங்கேதான் தொடங்கியது.

இன்னொன்றும் செய்தேன். சூடு வெளியே போகக்கூடாது என்று பெரிய கதவின் விளிம்பெல்லாம் பஞ்சுப்பட்டி ஒட்டினேன். கதவு முழுவதற்கும் பொலித்தீன் விரித்துச் சுற்றிவர ரேப் அடித்தேன். பக்கக் கதவின் அடியில் பழைய சாறியைச் சுருட்டி வைத்தேன். ஒரு பூச்சி நுழைய இடமில்லை. கெட்டித்தனமான வேலை என்று எனக்குள் ஒரு பெருமை.

2018 தை மாதத்தின் முதல் வாரம் ரொறன்ரோப் பக்கம் கடும் குளிர். இரவில் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் போனது. தை பிறந்தால் கலியாணங்கள். ஒரு மணவறைக்கு வெள்ளிக்கிழமை துணி கொடுக்கவேண்டும். வியாழன் பின்னேரம் நான்கு மணிக்கு ஹீற்றரைக் கொளுத்தி மூவரும் இருந்து தைத்தோம்.

ஏழு மணி போல ரீச்சர் அக்கா நெற்றியைப் பிடித்தார். "வயித்தைப் பிரட்டுது" என்றார். மத்தியானச் சாப்பாடு சரியில்லை என்று நான் சொன்னேன். தங்கச்சி, "தலை இடிக்குது அக்கா" என்றாள். பனடோல் கொடுத்தேன். எனக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. இஞ்சித் தேத்தண்ணி போட வீட்டுக்குள் போனேன். குசினியில் நின்ற பத்து நிமிடத்தில் என் தலைப்பாரம் குறைந்தது. திரும்பி வந்து இருந்தேன், மறுபடியும் வந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? நான் வெள்ளிக்கிழமையை யோசித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் நாலு மடிப்புத்தான், முடிச்சுப்போட்டுப் படுக்கலாம்" என்று சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.

ஒன்பது மணி அளவில் தங்கச்சி எழும்பினாள். சுவரைப் பிடித்தாள். பிறகு அப்படியே தரையில் இருந்து, சரிந்துவிட்டாள். நான் எழும்பப் பார்த்தேன். கால் என்னுடையது போல இல்லை. அந்த நேரம் மகன் வேலையால் வந்தது கடவுள் செயல் என்பேன், அவன் தற்செயல் என்பான். பக்கக் கதவைத் திறந்தவன் "அம்மா, வெளியில வாங்கோ!" என்று கத்திக்கொண்டே பெரிய கதவின் பொத்தானை அழுத்தினான். நான் பெருமையாக ஒட்டிய பொலித்தீன் கிழிந்து தொங்கத் தொங்கக் கதவு மேலே போனது. தங்கச்சியை இழுத்து வந்து உறைபனியில் கிடத்தினான். 911 க்கு அடித்தான்.

முதலில் வந்தவர்கள் தீயணைப்புப் படையினர். கையில் ஒரு சிறு கருவியோடு கராஜுக்குள் போன இளைஞன், அதைப் பார்த்ததும் முகம் மாறி, அந்த வளவுக்குள் ஒருவரும் போகக்கூடாது என்று கையைக் காட்டினான். நிலக்கீழ் வீட்டில் இருந்தவர்களையும் எழுப்பி வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மூவரையும் அம்புலன்சில் ஏற்றினார்கள்.

மருத்துவமனையில் தாதி தங்கச்சியின் விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். 99 காட்டியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த எண்ணை நம்பக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். காற்றோட்டமில்லாத இடத்தில் எண்ணெயோ கரியோ காஸோ அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகின்றது. நிறமில்லை, மணமில்லை. நமது இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தில் இது ஏறிக்கொள்ளும். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கிளிப்புக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இரத்தம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும். மருந்து என்று இதற்குத் தனியாக ஒன்றுமில்லை, முகமூடி போட்டுத் தூய ஒட்சிசன் கொடுப்பதுதான். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் போதும்.

முகமூடிக்குள்ளிருந்து ரீச்சர் அக்கா, "ஓ.எல். பிள்ளையளுக்கு இதை எத்தனை வருசம் படிப்பிச்சன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஷெல்லடியால் தப்பி, முள்ளிவாய்க்காலால் நடந்து வந்தவளை நான் என் மணவறைத் துணிக்காகக் கொல்லப் பார்த்திருக்கின்றேன். பதினொரு மணிக்கு அவளுடைய மகள் வந்தாள். பள்ளிக்கூடப் பையைக்கூடத் தோளில் இருந்து இறக்கவில்லை. "அன்ரி, அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

விடியற்புறம் தங்கச்சி கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தைகள் இவை: "பங்கருக்கே ரெண்டு வாசல் வைச்சுத்தானே அக்கா வெட்டுவம்."

அவள் சொன்னது சரிதானே. எந்த அவசரத்திலும் பங்கரை வளைத்து வெட்டி, மற்றப் பக்கம் காற்றுக்கு ஒரு துவாரம் விடாமல் நாங்கள் பிள்ளைகளை உள்ளே இறக்கியதில்லை. கனடாவில் நல்ல சுவரும் நல்ல கதவும் கிடைத்தவுடன் அது மறந்துவிட்டது.

சகோதரிகளே, உங்களுக்குக் கராஜும் இல்லை, அப்படியான குளிரும் இல்லை. ஆனால் இந்த வாயு குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. நான் போன கிளிநொச்சித் தையல் நிலையத்தில், 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய காலத்தில் வாங்கிய ஜெனரேற்றர் இன்னும் பின் விறாந்தையில், ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. மழைக்கு நனையக்கூடாது என்று அப்படி வைத்தார்களாம். நான் அன்றே நின்று அதை வளவின் மூலைக்கு மாற்றுவித்து, மேலே ஒரு தகரம் போடச் சொன்னேன். பிள்ளைப்பெற்ற வீட்டில் தணல்சட்டியை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலை இறுக்கி அடைப்பதும் இதே கதைதான். தலையிடி, பிரட்டல், கால் சோர்வு, காய்ச்சல் இல்லை, வெளியே போனால் சுகம், உள்ளே வந்தால் மறுபடியும். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால் பனடோலைத் தேடவேண்டாம். எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கேள்வி எழுந்தது. எங்கள் வீட்டில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இல்லையா? இருந்தது. எரிபொருள் அடுப்போ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அது இருக்கவேண்டும் என்று ஒன்ராறியோ மாகாணத்தில் 2014 ஆம் ஆண்டிலிருந்து சட்டம். சட்டப்படி மேல்மாடியில் சுவரில் நல்லபிள்ளையாக இருந்தது. நாங்கள் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

இனி ஹீற்றர் தெரிவு செய்த கதை. இரண்டு மாதம் வீட்டு விறாந்தையில் நெருக்கியடித்துக்கொண்டு தைத்தோம். அந்த நேரத்தில் மகன் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டான். நான் ஹீற்றரில் தொடங்கினேன், அவன் சுவரில் தொடங்கினான். "ஓட்டை வாளிக்கு எவ்வளவு தண்ணி வேணும் எண்டு கணக்குப் பாக்கிறதை விட ஓட்டையை அடைக்கிறது சுகம் அம்மா" என்றான். எங்கள் கராஜில் கூரைக்கும் அந்தத் தகரக் கதவுக்கும் ஒரு தடுப்பும் இருக்கவில்லை. அந்த நிலையில் 7 அல்லது 8 கிலோவாற்று ஹீற்றர் போட்டாலும் கடும் குளிரில் போதாமல் வந்திருக்கும். கூரைக்கு மேலே பஞ்சு போன்ற வெப்பத் தடுப்பை நிரப்பினோம். சுவர்ச் சட்டங்களுக்கு இடையில் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து, உள்பக்கம் பொலித்தீன் அடித்து, மேலே பலகை போட்டோம். அந்தப் பஞ்சு தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது. கதவுக்கு, நடுவில் ரெஜிபோம் வைத்து அடைத்த கதவையே மாற்றினோம். வெறும் ரெஜிபோமைச் சுவரில் ஒட்டிவிட்டு அப்படியே விடுகிறார்கள் சிலர். அது நெருப்புக்கு விருந்து.

அதன்பிறகுதான் ஹீற்றர். இந்த மாதிரித் தடுப்பு வைத்த கராஜுக்குச் சதுர அடிக்கு 10 வாற்று என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்கிறார்கள். எங்களுடையது 440 சதுர அடி. ஆகவே 4,400 வாற்று. கடையில் உள்ள அளவு 5,000. பெட்டியில் சிலர் பி.ரி.யு. என்று போட்டிருப்பார்கள். ஒரு கிலோவாற்று ஏறத்தாழ 3,400 பி.ரி.யு. என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவாற்று 17,000 ஆகும்.

வெளியே புகைக்குழாய் வைத்த காஸ் ஹீற்றரையும் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், பெரிய கராஜில் நாள் முழுவதும் வேலை என்றால் ஓட்டுச் செலவில் அதுதான் மலிவு. அதன் புகை குழாயால் வெளியே போய்விடும். ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ள காஸ் வேலையாள்தான் பூட்டவேண்டும், குழாய்ச் செலவும் கூட. வாகனம் விடும் கராஜ் என்றால் நெருப்பு எரியும் பகுதி தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்கவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழும் என்பதால். ஏசி போலச் சுவரில் மாட்டி, வெளியிலுள்ள வெப்பத்தையே உள்ளே இழுக்கும் இயந்திரமும் இருக்கிறது. ஒரு அலகு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று அலகு வெப்பம் தரும் என்கிறார்கள். அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மின்சார ஹீற்றரை எடுத்ததற்குக் காரணம் கணக்கு மட்டுமல்ல. நெருப்பு எரியும் எதற்கும் பக்கத்தில் இனி இருந்து தைக்கமாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. சத்தம் எப்படி என்று பார்க்கத் தங்கச்சியையும் கடைக்குக் கூட்டிப்போய், ஓடவிட்டுக் காட்டித்தான் வாங்கினேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

5,000 வாற்று ஹீற்றர் 240 வோல்ற்றில் 21 அம்பியர் அளவு எடுக்கும். அதற்கென்று தனியாக 30 அம்பியர் பிறேக்கரும் தடித்த வயரும் வேண்டும். ஏழாலையைச் சேர்ந்த மின்வேலையாளர் தம்பி ஒருவர் வந்து பூட்டினார். மாகாண மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, பரிசோதகர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் சுவிச்சைப் போட்டோம். ஹீற்றரைவிட வயர் வேலைக்கே கூடச் செலவு. அந்த மாதம் நான் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தேன். வைத்தது நல்லதுக்குத்தான்.

முகட்டு மூலையில், நடுக் கராஜைப் பார்த்துச் சரித்து மாட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மீற்றர் தூரத்துக்கு ஒரு துணியும் வரக்கூடாது. தரையில் சிவப்புப் பட்டி ஒட்டி எல்லை போட்டிருக்கின்றேன். சூடான காற்று மேலே போய் நின்றுவிடும் என்பதால் முகட்டு விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவோம். காலடிக்குத் தடித்த இறப்பர்ப் பாய், அதன்மேல் பலகை. இந்தப் பாயை முதலே போட்டிருந்தால் பாதிக் குளிர் போயிருக்கும். தையற்கூடத்தில் நூற்பஞ்சு பறக்கும் அல்லவா? அது ஹீற்றருக்குள் போய்ச் சேர்ந்தால் கருகும், பிறகு பற்றும். மாதத்துக்கு ஒருமுறை பிறேக்கரை விழுத்திவிட்டு, ஆறவிட்டு, தூரிகையால் தட்டி உறிஞ்சி எடுப்போம்.

மண்ணெண்ணெய் ஹீற்றர் காலத்தில் கண்ணாடியெல்லாம் வியர்த்துக் கிடந்ததும், ஊசிகள் துருப்பிடித்ததும் ஏனென்று இப்போதுதான் விளங்கியது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடும். மின்சாரத்தில் அது இல்லை. இரவில் முழுதாக நிறுத்துவதுமில்லை. 7 பாகையில் விட்டுவிடுவோம். மெஷின் முற்றாகக் குளிர்ந்து கிடந்தால் காலைச் சூட்டில் அதன்மேல் பனித்துளி படியும், எண்ணெயும் தடித்துவிடும்.

செலவைக் கட்டுப்படுத்தியது நேரக் கணக்கு. எங்கள் கட்டணத் திட்டத்தில் குளிர்காலத்தில் காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 7 வரையும் மின்சார விலை உச்சம். இரவு 7 முதல் காலை 7 வரையும் சனி, ஞாயிறும் மலிவு. ஆகவே ஐந்தரைக்கு எழும்பி 17 பாகைக்கு ஏற்றிவிடுவேன். ஏழு மணிக்குள் கராஜும் மேசையும் மெஷினும் சூடேறிவிடும். பிறகு 14 க்கு இறக்கிவிட்டு, அந்த நேரத்தில் நின்று வெட்டும் வேலை, இஸ்திரி போடும் வேலை. பதினொன்றுக்குப் பிறகு 16 இல் வைத்து இருந்து தைப்போம். சுவெற்றர் போட்டால் 16 போதும். மாலை ஐந்துக்கு நிறுத்திச் சாப்பாடு. அவசர வேலை இருந்தால் மட்டும் ஏழுக்குப் பிறகு வருவோம். கடும் குளிர் நாளில் 20 முதல் 25 அலகு போகும். தடுப்பு வைக்காமல் இருந்திருந்தால் இதைப்போல இரண்டு மடங்கு என்று மகன் சொல்கிறான். அவன் கொப்பியில் எல்லாம் இருக்கிறது.

எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் கராஜுக்குள் மாட்டியிருக்கின்றோம். வாகனம் விடுபவர்கள் அங்கே மாட்டினால் புகைக்குக் காலையும் மாலையும் கத்தும். எங்களிடம் வாகனம் இல்லை. எரிவதற்கும் ஒன்றுமில்லைத்தான். ஆனாலும் திங்கட்கிழமைகளில் ரீச்சர் அக்கா தும்புத்தடியின் பிடியால் அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார். உடுப்புக் கணக்குக் காசை நிறுத்திவிட்டு மணித்தியாலக் கணக்கு ஆக்கிவிட்டேன். தலையிடித்தால் எழும்பிப் போக ஒருத்தி யோசிக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது. இதனால் எனக்கு மிச்சம் குறைவு. பரவாயில்லை.

தங்கச்சி இன்றும் என்னோடுதான் வேலை செய்கிறாள். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். தங்கச்சி காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை பெரிய கதவை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இரண்டு நிமிடம் விடுவது. வெளியே எத்தனை பாகை குளிர் என்றாலும் விடுவாள். நான் ஐந்தரைக்கு எழும்பி ஏற்றிய சூடு அந்த இடைவெளியால் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மின்சார ஹீற்றருக்கு இது தேவையில்லை என்று மகன் இரண்டொரு தரம் விளங்கப்படுத்தினான். அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். அடுத்த நாளும் கதவைத் தூக்கினாள். இப்போது அவன் ஒன்றும் சொல்வதில்லை.